கழுவிய முதுகு

முதுகையும் கழுவிக்கொண்டுதான் லண்டனுக்கு வர வேண்டும் என்று கேப்டன் ஹால்டன் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறிப் போய்விட்டார். ஏமஸ் ஹெட்லி தகரத் தொட்டியில் முட்டியை மடக்கி உட்கார்ந்தபடி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம், கழுத்து, கை, நெஞ்சு எல்லாம் வெளுத்தாகிவிட்டது. முதுகு மட்டும் பாக்கி.

டார்ன்லா சுரங்கத்தில் எவனும் முதுகைக் கழுவமாட்டான். கழுவினால் முதுகுத்தண்டு இளகிவிடும், இடுப்பு விட்டுப்போகும், குனிந்து கரி வெட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும்முன் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, அதோடு சரி. ஏமஸின் அப்பன் முதுகு சாகிறவரை தண்ணீர் பார்த்ததில்லை. கூரைக்கல் அவன்மேல் விழுந்த அன்று அந்த முதுகுப் பலம் ஒன்றுக்கும் உதவவில்லை என்பது வேறு விஷயம். அதை யாரும் பேசுவதில்லை.

பெல்லா சோப்பும் கையுமாகப் பின்னால் நின்றாள். அவள் இந்த ஊர்க்காரி அல்ல. கடற்கரை மீன்காரன் மகள்.

"கழுவட்டுமா வேண்டாமா? தண்ணி ஆறுது."

"துரை சொல்லிட்டாரே."

"துரை சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. நீ என்ன சொல்றே?"

"நான் சொல்ல என்ன இருக்கு? அங்க குத்துச்சண்டைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சட்டையைக் கழட்டிக் காட்டணுமாம். கரி மூட்டை மாதிரி போய் நின்னா சுரங்கத்துக் கிளப்புக்கு அவமானமாம்."

"கரியை வித்துத்தான் அவங்க மாளிகை நிக்குது. அது அவமானம் இல்லையாக்கும்."

"விளையாடாதே பெல்லா. தண்டு இளகிட்டா?"

"எங்கப்பா முதுகு தினம் நனையுது. நரைச்ச தலையோட இன்னும் வலை இழுக்கிறாரு."

"மீன்காரன் முதுகு வேற, கரிக்காரன் முதுகு வேற."

"ஆமாமா, உன் முதுகைத் தங்கத்துல செஞ்சிருக்கு!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமி, அடுப்புச் சாம்பலில் துப்பினான். துப்பியது தார் மாதிரி இருந்தது. குச்சியால் சாம்பலை இழுத்து மூடினான். அவள் பார்த்தாள் என்பது அவனுக்குத் தெரியும். பார்த்ததைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு கிடையாது.

"சரி, கழுவு," என்றான்.

கரி கரைந்து இறங்க இறங்கத் தொட்டித் தண்ணீர் மையாகிப் போனது. அடியில் இருந்து வெள்ளைத் தோல் வந்தது. கூரையில் உரசி உரசிக் கரி உள்ளே தங்கிப்போன நீலத் தழும்புகள் மட்டும் போகவில்லை. பெல்லா தன் புருஷனின் முதுகை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

ஏமஸ் பதினேழு வயதில் கையுறை மாட்டியவன். மதுவிலக்குச் சங்கக் கொட்டகையில், மணல் பரப்பிய தரையில் ஆரம்பித்தது அது. இப்போது இருபத்தேழு. வடக்கு மாவட்டங்களில் இரண்டு தடவை பட்டம் வாங்கியிருக்கிறான். அமெச்சூர் என்றால் காசுக்காக இல்லாமல் ஆசைக்காகச் சண்டை போடுகிறவன் என்று கேப்டன் ஹால்டன் விளக்கம் சொல்வார். அவர் முதலாளியின் மைத்துனர்; பட்டாளத்திலிருந்து வந்து சுரங்கத்து விளையாட்டுக் கிளப்பை நடத்துகிறார். ஆசைக்காகச் சண்டை போடுகிறவனுக்கு ஜெயித்தால் சாமான் கொடுப்பார்கள். வீட்டில் மூன்று கடிகாரம் இருக்கிறது. ஒன்று சொல்லும் நேரத்தை மற்றது ஒத்துக்கொள்ளாது. வெல்வெட் பெட்டியில் மீன் வெட்டும் வெள்ளிக் கத்திகள் வேறு. அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்த அன்று பெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க ஊர்ல மீன் இதைப் பார்த்தா வெக்கப்பட்டே செத்துரும்!"

சண்டைக்குப் போகிற அன்று வேலைக்குப் போகாவிட்டால் அந்தக் கூலி போனதுதான். அதை யாரும் ஈடுகட்டக் கூடாது, கட்டினால் அமெச்சூர் இல்லை. அதனால் ஏமஸ் எப்போதும் ஷிஃப்ட் முடித்துவிட்டுத்தான் ரயில் ஏறுவான். லண்டனில் எதிரே நிற்கப்போகிறவர்கள் அந்நேரம் இறைச்சி தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தடவை அவன் போனது கடிகாரத்துக்காக இல்லை. சுரங்க வாயிலருகே, பூமிக்கு மேலே, விளக்கறை இருக்கிறது. இறங்குகிறவனுக்கு விளக்கை ஏற்றிப் பூட்டிக் கொடுப்பது, ஏறுகிறவனிடம் வாங்கித் துடைத்து வைப்பது, அவ்வளவுதான் வேலை. மழை கிடையாது, கல் விழாது, தூசி கிடையாது. நாற்காலியில் உட்காரலாம். விளக்கறைக் கிழவர் கிறிஸ்துமஸோடு ஓய்வு பெறுகிறார். "பட்டத்தைக் கொண்டு வா ஹெட்லி, விளக்கறை உனக்கு" என்று கேப்டன் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். பெல்லா அதைக் கேட்ட நாளிலிருந்து ஜெபத்தில் வேறு எதையும் வேண்டிக்கொள்வதில்லை.

லண்டனில் டாக்டர் அவன் முதுகைப் பார்க்கவே இல்லை. நெஞ்சில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"நிலக்கரியா?"

"ஆமாங்க."

"ம்," என்றார். கையெழுத்துப் போட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

ஒரே நாளில் மூன்று சண்டை. முதல் இரண்டில் ஏமஸ் எதிராளிகளைச் சீக்கிரமே படுக்க வைத்தான். அவன் இடது கை அப்படி. கரிச்சுவரில் பழகிய கை. கடைசிச் சண்டை ஹாலட் என்ற லண்டன் போலீஸ்காரனோடு. உயரமானவன், அவசரப்படாதவன். முதல் இரண்டு சுற்றும் ஏமஸ் பக்கம்தான். அமெச்சூர் சண்டையில் மூன்றே சுற்று, மூன்றாவது மட்டும் ஒரு நிமிடம் அதிகம். அந்த ஒரு நிமிடம்தான் அவனைக் கொன்றது.

கருப்புக் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சண்டை நடக்கும்போது கத்தக் கூடாது, கைதட்டக் கூடாது என்பது அங்கே விதி. தேவாலயம் மாதிரி நிசப்தம். அந்த நிசப்தத்தில் ஏதோ ஓட்டைத் துருத்தி இழுக்கிற சத்தம் கேட்டது. எங்கிருந்து வருகிறது என்று ஏமஸ் முதலில் யோசித்தான். அது அவனுடைய மார்புதான். கை இருந்தது, கால் இருந்தது, அடி எங்கே விழ வேண்டும் என்ற புத்தியும் இருந்தது. காற்று மட்டும் இல்லை. கூரை சரிந்து வழி அடைபட்ட சுரங்கம் போல, எவ்வளவு இழுத்தாலும் உள்ளே போகவில்லை. போலீஸ்காரன் வந்து சாவகாசமாக அடித்துவிட்டுப் போனான். புள்ளிகளில் ஹாலட் ஜெயித்தான். ஏமஸுக்கு நாலாவது கடிகாரம் கிடைத்தது.

ஊர் திரும்பிய சனிக்கிழமை மாலை தொழிலாளர் கிளப்பில் அவனுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். எதிரே லான்ஸ் டாட்ஸ் உட்கார்ந்திருந்தான். லான்ஸ் அவனுடைய கூட்டாளி. கரி வெட்டும் ஒரே சுவரில் இருவரும் சேர்ந்து வெட்டிச் சேர்ந்த கூலியைச் சரிபாதி பிரித்துக்கொள்கிறவர்கள்.

"கூட்டாளி, பேப்பர்ல என்னமோ போட்டிருக்கான். மூணாவது சுத்துல திடீர்னு வாடிப் போயிட்டேன்னு. என்னடா ஆச்சு?"

"ஆச்சு, ஏதோ."

"ஏதோன்னா? அந்த நெட்டைப் போலீஸ்காரன் அடியா? உன்னை எங்க பொட்டைக் குதிரை உதைச்சே நீ விழலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஏமஸ் பீர்க் குவளையைப் பார்த்தான். நெஞ்சு என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் எந்த இடத்தில் வெட்டுவது என்று சீட்டுக் குலுக்குவார்கள். இரண்டிரண்டு பேராகப் பெயர் கொடுக்க வேண்டும். மூச்சுப் போனவனோடு பெயர் கொடுத்தால் பாதி கரிக்குப் பாதிக் கூலி. எந்தக் கூட்டாளியும் கொடுக்கமாட்டான், லான்ஸுக்கு நாலு பிள்ளைகள். சரி, கேப்டன் கழுவச் சொன்னார் என்று சொன்னால்? அது அவர் காதுக்குப் போகும். இன்னும் யாருக்கும் கொடுக்காத விளக்கறை அத்தோடு போகும்.

"முதுகைக் கழுவிட்டா," என்றான்.

பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பினார்கள்.

"யாரு?"

"வேற யாரு. வீட்லதான்."

பொய் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். சோப்பைப் பிடித்த கை அவள் கைதானே.

"அடக் கடவுளே," என்றான் லான்ஸ். "மீன்காரிக்கு என்ன தெரியும்? லண்டனுக்குப் போறவனை… டேய், உனக்கு வாய் இல்லையா, வேண்டாம்னு சொல்ல?"

"சொன்னேன்," என்றான் ஏமஸ். இரண்டாவது வார்த்தை முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

டார்ன்லாவில் வரிசைக்கு ஒரு ரொட்டி அடுப்பு. வீடுகளுக்குப் பின்னால், செங்கல்லில் கட்டியது. எந்த வீட்டுக்கு எந்த நேரம் என்று பெண்களுக்குள் முறை உண்டு. செவ்வாய்க்கிழமை பெல்லா பொங்கிய மாவைத் தகரத்தில் வைத்து ஈரத்துணி மூடி எடுத்துக்கொண்டு போனபோது அடுப்பு நிறைந்திருந்தது. லான்ஸின் மனைவி மெக் இடுப்பில் கை வைத்து நின்றாள். சுற்றி இன்னும் நாலைந்து பேர்.

"இது என் முறைதானே மெக்?"

"முறையெல்லாம் மாறிப்போச்சு."

"யார் மாத்தினது?"

"யாரா இருந்தா உனக்கென்ன? உங்க ஊர்ல மீனைக் கழுவுற மாதிரி ஆம்பளையைக் கழுவி அனுப்பிட்டியே. செதிலையும் உரிச்சியா?"

"பாவம், வெள்ளையா இருக்கட்டும்னு ஆசைப்பட்டிருப்பா," என்றாள் இன்னொருத்தி. "லண்டன் மேல ஆசை."

பெல்லாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தகரத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். மாவைத் திருப்பி எடுத்து வந்து வீட்டு அடுப்பில் வாணலியில் சுட்டாள். ஒருபுறம் கருகி ஒருபுறம் வேகாமல் வந்தது. ஏமஸ் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அதையே அவன் தட்டில் வைத்தாள்.

"நானா கழுவினேன்?"

அவன் ரொட்டியைப் பிய்த்தான்.

"ஏமஸ், உன்னைத்தான் கேக்கிறேன். நானாவா கழுவினேன்?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? நீயே சொல்லு."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். "நானே சொல்றேன். நெஞ்சுன்னு சொன்னா லான்ஸ் போயிடுவான். துரைன்னு சொன்னா விளக்கறை போயிடும். பெல்லான்னு சொன்னா ஒண்ணும் போகாது. கணக்கு சரியாத்தான் போட்டிருக்கே."

"பெல்லா…"

"சாப்பிடு. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. விளக்கறை கிடைக்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். நீ மேல வரணும்னுதான் எனக்கும் ஆசை. நீ கரியாத் துப்புறதை நான்தானே பாக்கிறேன். கிடைச்ச அன்னிக்கு அந்த மெக்கு வீட்டு வாசல்ல போய் நின்னு நிஜத்தைச் சொல்லணும். சத்தமா."

"சொல்றேன்."

"பைபிள் மேல?"

"சொல்றேன்னுதான் சொல்றேனே!"

பட்டம் வராததால் விளக்கறையும் கைநழுவிவிடுமோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது. ஆனால் கேப்டனுக்கு ஹாலட்டை விட மனசில்லை. நவம்பரில் அந்தப் போலீஸ்காரனை நியூகாஸிலுக்கே வரவழைத்து மறுபடி மோதவிட ஏற்பாடு செய்தார். சுரங்க வாயிலில் ஏமஸைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இந்தத் தடவை ஜெயிக்கிறே ஹெட்லி. ஜெயிச்சா விளக்கறை. என் வாக்கு வாக்குதான்."

"சரிங்க துரை."

"உன் பெண்டாட்டி ஏதோ உன்னைக் குளிப்பாட்டி அனுப்பினதாலதான் போன தடவை போச்சாமே?" கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். "ஏன் அப்படிச் செஞ்சா? கிறுக்கா அவ?"

ஏமஸ் அவர் முகத்தையே பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று பார்த்தான். இல்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. தான் சொன்ன ஒரு சொல் எந்த வீட்டில் போய் என்ன செய்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை.

"அவளுக்குத் தெரியாதுங்க," என்றான். "வெளியூர்க்காரி."

"இந்தத் தடவை எவ்வளவு அழுக்கா வேணும்னாலும் வா," என்று அவன் தோளில் குச்சியால் தட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த முதுகு ஊர்ச் சொத்தாகிவிட்டது. காலையில் சுரங்கத்தின் அடியில் லான்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடிப்பான். "கூட்டாளி, திரும்பு." வண்டி இழுக்கிற மட்டக்குதிரையின் குளம்பைப் பார்க்கிற மாதிரி பார்ப்பான். "நல்லாத்தான் ஏறியிருக்கு. அப்பா முதுகு மாதிரியே இருக்குடா!" மற்றவர்களும் வந்து பார்ப்பார்கள். ஒருவன் விரலால் தேய்த்துப் பார்ப்பான்.

அது போதாதென்று மெக் தினமும் ஏமஸ் குளிக்கிற நேரத்துக்குப் பின்னல் ஊசியும் நூலுமாக வந்து அடுப்போரம் உட்கார்ந்துகொண்டாள். அவன் தொட்டியில் இருக்க, பெல்லா தண்ணீர் ஊற்ற, அவள் காலுறை பின்னினாள்.

"தோளுக்குக் கீழ போகாதே பெல்லா."

"போகல."

"தண்ணி வழியுது பாரு. துணியை வை, துணியை வை."

பெல்லா துணியை வைத்தாள். ஏமஸ் முட்டியில் தாடையை ஊன்றிக்கொண்டு ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மெக் போனபிறகுதான் இருமுவான். அதுவரை அடக்கியிருந்ததெல்லாம் ஒன்றாக வரும்.

அந்த வாரங்களில் அவன் தனியாக ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மூன்றாவது சுற்று அவனுக்குக் கிடையாது. இருப்பது இரண்டு சுற்று. அதற்குள் போலீஸ்காரனைப் படுக்க வைக்க வேண்டும்.

நியூகாஸில் அரங்கம் லண்டன் மாதிரி இல்லை. டார்ன்லா ஆண்கள் பாதிப் பேர் ரயிலில் வந்திறங்கியிருந்தார்கள். கத்தாதே என்று ஒலிபெருக்கிக் குழலில் ஒருவர் சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஏமஸின் மூலையில் வாளியும் துண்டுமாக லான்ஸ்.

மணி அடித்ததும் ஏமஸ் பாய்ந்தான். அப்படி அவன் எந்தச் சண்டையிலும் பாய்ந்ததில்லை. இடது கை ஹாலட்டின் விலாவில் இறங்கியது, அடுத்தது தாடையில். போலீஸ்காரன் விழுந்தான். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். "முதுகுடா! முதுகுதான்டா!" என்று எவனோ அலறினான். ஹாலட் ஒரு முட்டியில் நின்றபடி, நடுவர் எண்ணி முடிக்கப்போகிற வரை ஓய்வெடுத்துக்கொண்டு, கடைசியில் எழுந்தான். அவசரமே இல்லாமல்.

இரண்டாவது சுற்றிலும் ஏமஸ் விடவில்லை. கயிற்றோடு சேர்த்து வைத்து அடித்தான். ஆனால் அவன் கை போகிற இடத்தில் ஹாலட்டின் முழங்கை இருந்தது, தோள் இருந்தது. அடி வாங்கி அடி வாங்கி அவன் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு யாரும் சொல்லியிருக்கத் தேவையில்லை. லண்டன் நிசப்தத்தில் அந்தத் துருத்திச் சத்தத்தை அவனும்தான் கேட்டிருந்தான்.

"முடிச்சிரு கூட்டாளி, இன்னும் ஒரே தட்டு," என்றான் லான்ஸ், முகத்தில் தண்ணீரை அடித்து. ஏமஸின் பனியன் முதுகில் வேர்வை ஊறி, வெள்ளைத் துணியில் கருப்பு பெரிய வட்டமாகப் பரவியிருந்தது. டார்ன்லாக்காரர்கள் அதைப் பார்த்துப் பார்த்துக் கைதட்டினார்கள்.

மூன்றாவது சுற்று பாதிகூடப் போகவில்லை. ஹாலட் ஒரு தடவை விலாவில் குத்தினான், அதுவும் லேசாக. ஏமஸ் நின்ற இடத்திலேயே வாயைத் திறந்தான். ஒன்றும் உள்ளே போகவில்லை. கையை இறக்கினான். பிறகு, யாரும் தள்ளாமல், தானாகவே மெதுவாக முட்டி போட்டான். நடுவர் எண்ண ஆரம்பித்ததும் அரங்கம் அடங்கிப்போனது. ஒவ்வொரு எண்ணும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. எழுந்திருக்கக் கால் தயாராகத்தான் இருந்தது.

உடை மாற்றும் அறைக்கு லான்ஸ்தான் அவனைத் தாங்கிக் கொண்டுவந்தான். ஏமஸ் வாளிமேல் குனிந்து இருமிக்கொண்டிருந்தான். லான்ஸ் பின்னால் வந்து பனியனைப் பிடித்துத் தலைக்குமேல் உரித்தான். விளக்கைக் கிட்டே கொண்டுவந்தான்.

"இது என்னடா? இங்க பாரு. வெள்ளை!"

வேர்வை இறங்கிய தடம். தோளிலிருந்து இடுப்புவரை கோடு கோடாக வெளுத்திருந்தது.

"வேர்வைடா."

"வேர்வையா? கழுவியிருக்கா! நீ தூங்கும்போது கழுவியிருக்கா. மெக்கு ராத்திரிக்கு அங்கயா வந்து படுத்தா?"

"லான்ஸ், கேளு…"

"என்ன கேக்கிறது? ஒரு தடவை தெரியாமச் செஞ்சா, சரி. மறுபடியுமா?"

ஏமஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "அவ கழுவல. முதல் தடவையும் அவளா கழுவல, துரை கழுவச் சொன்னாரு. என் நெஞ்சு போச்சுடா. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மூச்சு தாங்கல."

லான்ஸ் அவனைப் பார்த்தான். பிறகு வாளியைப் பார்த்தான். தண்ணீரின்மேல் தார் மாதிரி மிதந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, காலால் வாளியை பெஞ்சுக்கு அடியில் தள்ளினான்.

"பொண்டாட்டியைக் காப்பாத்தப் பாக்கிறே," என்றான். "நல்ல மனுஷன்டா நீ."

வெளியே போய் அவன் மற்றவர்களிடமும் அதையேதான் சொன்னான். ரயில் டார்ன்லா வந்து சேர்வதற்குள், அந்த மீன்காரி புருஷன் தூங்கும்போது முதுகைக் கழுவினாள், அவன் பெருந்தன்மையாகத் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டான் என்று கதை முழுசாகிவிட்டது.

"சொல்லிட்டேன்," என்றான் ஏமஸ், வீட்டுக்குள் வந்ததும்.

"யாருகிட்ட?"

"லான்ஸ்கிட்ட."

"நம்பினானா?"

"இல்ல."

பெல்லா தேநீரை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். "எப்படி நம்புவான்? நீதானே பழக்கி வச்சே."

விளக்கறையை கேப்டன் கிரிக்கெட் குழுவில் பந்து போடுகிற ஒருவனுக்குக் கொடுத்தார். நல்ல முயற்சி ஹெட்லி என்று ஏமஸிடம் ஒரு வார்த்தை சொன்னார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

டிசம்பர் முடிவில் சீட்டுக் குலுக்கல் வந்தது. லான்ஸ் தன் பெயரை மெக்கின் தம்பியோடு சேர்த்துக் கொடுத்திருந்தான். ஏமஸைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றினான்.

"குடும்ப விஷயம் கூட்டாளி. மெக்கு நச்சரிச்சிட்டா. அவ தம்பிக்கு ஆள் இல்லையாம். தப்பா எடுத்துக்காதே."

"இல்ல."

"உனக்குத்தான் யாரும் வருவாங்களே."

யாரும் வரவில்லை. ஏமஸை விழுந்த கல் அள்ளும் நாள்கூலி வேலையில் போட்டார்கள். காற்று திரும்பி வெளியேறும் பாதையில் அந்த வேலை. சுரங்கம் முழுக்கச் சுற்றிய தூசியெல்லாம் அந்த வழியாகத்தான் போகும்.

அதைக் கேட்டதும் பெல்லா எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்போ நம்பியிருக்கான்!"

"என்னது?"

"நம்பாதவன் எதுக்கு ஆளை மாத்திக்கிறான்? உன் நெஞ்சு போச்சுன்னு அவனுக்கு அன்னிக்கே தெரியும். போ ஏமஸ். இப்பவே கிளப்புக்குப் போ. எல்லாருக்கும் முன்னாடி கேளு, நம்பலேன்னா ஏன்டா என்னை விட்டேன்னு. அவன் என்ன சொல்றான்னு பாப்போம்."

"கேட்டு என்ன ஆகப்போகுது? சீட்டு குலுக்கியாச்சு."

"உனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல. எனக்கு ஆகும்."

அவன் பூட்ஸைக் கழற்றினான். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதின் கயிற்றைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"எங்கப்பாவுக்குப் படகுல ஒரு ஆள் வேணுமாம்," என்றாள் பெல்லா, வேறு குரலில். "கரையில வலை காய வைக்கிற வேலைகூட இருக்கு. நல்ல காத்து. வர்றியா?"

"கரிக்காரன் போய் மீன்காரன் ஆகிறதா?"

வாயிலிருந்து அது வந்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. பெல்லா தலையை ஆட்டினாள். கோபம்கூட இல்லை. மறுநாள் அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சாமான் வண்டியில் ஏறிக் கடற்கரைக்குப் போனாள். தன் துணிகளையும் அம்மா கொடுத்த வாணலியையும் மட்டும் எடுத்துப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை காலை, இறங்குகிற கூண்டில் எட்டுப் பேர் நெருக்கி நின்றார்கள். ஏமஸின் தோளோடு தோளாக லான்ஸ்.

"போயிட்டாளாமே," என்றான் பின்னாலிருந்து ஒருவன். "பாத்தியா, குத்தம் பண்ணாதவ எதுக்கு ஓடறா?"

லான்ஸ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏமஸ் அவன் பக்கம் திரும்பினான். லான்ஸ் நிமிரவில்லை. அவன் சொல்லமாட்டான் என்று ஏமஸுக்குத் தெரிந்தது. தானே சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தான்.

மணி அடித்தது. கூண்டு விழுகிற மாதிரி இறங்கியது. கீழேயிருந்து அடித்த காற்றில் இருமல் பிடித்துக்கொண்டது. கம்பியைப் பற்றிக்கொண்டு இருமினான், கூண்டு அடியில் போய் நிற்கிறவரை இருமினான். மற்ற ஏழு பேரும் காது கேளாதவர்கள் மாதிரி நின்றார்கள். கதவு திறந்ததும் ஆளுக்கொரு பக்கமாக வேலைக்குப் போனார்கள்.